பாரிசின் சிட்டுக்குருவி

பாரிசு மாநகரில் பெல்வில் என்பது ஏழைத் தொழிலாளர் நிறைந்து வாழ்ந்த பகுதி. அங்கு 72ஆம் எண்ணுள்ள வீட்டின் வாயிற்படியில் இசைவாணி எடித் பியாஃப் பிறந்தார் என்று அவ்வீட்டு முகப்பிலுள்ள கல்வெட்டுக் கூறும். ஆயின், 1915ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19ஆம் நாள் அவர் மருத்துவமனையில் பிறந்தார் என்பதே பிறப்புப் பதிவேடு காட்டும் செய்தி. புகழுடையோரைச் சுற்றிக் கதைகள் படர்வது இயல்பே. எனினும், தெருவுக்கும் அவர்தம் வாழ்வுக்கும் இருந்த உறவு கதையன்று.

தந்தை தெருவில் உடலை வளைத்து வித்தை காட்டிப் பிழைத்தவர், தாய் தெருப்பாடகி. தாய் குழந்தையைக் கைவிட்டாள். தந்தைவழிப் பாட்டியிடம் வளர்ந்த எடித், கண்ணோயால் சில காலம் பார்வையிழந்தும் வருந்தினார். பின்னர்த் தந்தையோடு ஊர் ஊராகச் சுற்றினார். வித்தை முடிந்ததும் சிறுமி பாடுவாள். கூடியிருந்தோர் காசு இடுவர். பதினேழாம் வயதில் தாயான அவர், அப்பெண்மகவை 1935இல் மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்.

அவ்வாண்டிலேயே அவர்தம் வாழ்வு திரும்பியது. தெருமுனையில் அவர் பாடக் கேட்ட லூயி லெப்ளே என்னும் கேளிக்கை விடுதி உரிமையாளர் வியந்து நின்றார். ஐந்தடி உயரமும் இல்லாத அம்மெலிந்த உடலிலிருந்து அத்துணைப் பெருங்குரலா! பாரிசுப் பேச்சுவழக்கில் சிட்டுக்குருவியைக் குறிக்கும் ‘பியாஃப்’ என்னும் பெயரை அவரே சூட்டினார். முதல் நாள் மேடையேறியபோது, எடித் தாமே பின்னிய கறுப்புச் சட்டையில் ஒரு கை முற்றுப்பெறவில்லையாம். கழுத்துக்குட்டையால் அதனை மறைத்துக்கொண்டு பாடினார் என்பர். எளிய கறுப்பு உடையே பின்னாளில் அவர்தம் அடையாளமாயிற்று.

1936இல் லெப்ளே கொலையுண்டார். காவலர் எடித்தையும் ஐயுற்று உசாவினர். குற்றம் ஏதும் அவர்மீது காணப்படவில்லையாயினும், செய்தித்தாள்கள் அவர் பெயரைக் கெடுத்தன. ஆதரவற்று நின்ற அவரைப் பாடலாசிரியர் ரேமோன் அஸ்ஸோ கடுமையாகப் பயிற்றினார். 1937இல் ‘ஆபேசே’ என்னும் புகழ்பெற்ற அரங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. ‘லா வீ ஆன் ரோஸ்’ என்னும் பாடலின் சொற்களை எழுதியவரும் அவரே. 1947இல் அவர் கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றார். இனிய பாடகியை எதிர்பார்த்த அம்மக்களுக்குத் துயரமே உருவாக நின்ற அவர்தம் பாட்டு முதலில் விளங்கவில்லை. நாளடைவில் அவர்களும் உள்ளம் பறிகொடுத்தனர்.

அவர் அன்பு பூண்டிருந்த குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான், அவரைக் காண நியூயார்க்குக்கு வருகையில், 1949 அக்டோபர் 28ஆம் நாள் அசோர் தீவில் விமானம் மோதி மாண்டார். அன்றிரவும் எடித் மேடையேறினார். அத்துயரம் அவரை விட்டு அகலவேயில்லை. 1951இல் நேர்ந்த ஊர்தி விபத்துகளின் வலியைத் தணிக்க உட்கொண்ட மருந்துக்கு அவர் அடிமையானதும் மறைத்தற்குரியதன்று.

ஆயினும், ஒலிம்பியா அரங்கம் கடனில் மூழ்கும் நிலையில் இருந்தபோது, நோயுற்ற அவரே 1960ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே பாடத் தொடங்கினார். வாரக்கணக்கில் மக்கள் திரண்டனர்; அரங்கம் பிழைத்தது. ஈவ் மோந்தான், சார்ல் அஸ்னவூர் முதலிய இளம் பாடகரையும் அவர் கைதூக்கி விட்டார்.

1963 அக்டோபர் 10ஆம் நாள், தம் 47ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர்தம் வாழ்க்கை முறையைக் காட்டித் திருச்சபை இறுதி வழிபாட்டை மறுத்தது. மக்களோ பல்லாயிரவராய்த் தெருக்களில் நிறைந்தனர். பேர் லஷேஸ் இடுகாட்டில், தந்தைக்கும் சிறுமகளுக்கும் உரிய கல்லறையிலேயே அவரும் அடக்கம் செய்யப்பெற்றார்.