எளிமையில் எழில் கண்டவர்: லாரி பேக்கர்

நுழையுமுன்

திருவனந்தபுரத்தில் தம்பானூர்ப் பேருந்து நிலையத்திற்கு அருகே, செங்கல் கட்டடம் ஒன்று திருகுசுருள் போல் உயர்ந்து நிற்கிறது. அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். அதன் உள்ளே தளமே சாய்வாகச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டுள்ளன. சுவரிலுள்ள துளைகளின் வழியே காற்றும் ஒளியும் புகுகின்றன. இதனை வடிவமைத்தவர், இங்கிலாந்தில் பிறந்து கேரள மண்ணில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். அவர்தம் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் திருப்பமும்

லாரி பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அந்நகரிலேயே கட்டடக்கலை பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது படைக்கலம் ஏந்த அவர் மனம் ஒப்பவில்லை. ஆதலால் மருத்துவத் தொண்டர் குழுவொன்றில் சேர்ந்து சீனா சென்றார். அங்குத் தொழுநோயாளர்க்கும் தொண்டு புரிந்தார்.

நாடு திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் ஏறத்தாழ மூன்று திங்கள் காத்திருக்க நேர்ந்தது. அப்போது அண்ணல் காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் அணிந்திருந்த, துணிக்கழிவால் செய்த காலணிகள் அண்ணலின் கருத்தைக் கவர்ந்தன. வீணாகும் பொருளையும் பயன்படுத்தும் அக்கைத்திறனைப் பற்றி இருவரும் உரையாடினர். ஒரு வீட்டிற்கு வேண்டிய பொருள்களை, அவ்வீடு அமையும் இடத்திலிருந்து ஐந்து மைல் தொலைவிற்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும் என்பது காந்தியடிகளின் எண்ணம். அவ்வெண்ணம் பேக்கரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

மலைமக்கள் தந்த பாடம்

1945ஆம் ஆண்டு பேக்கர் மீண்டும் இந்தியா வந்தார். தொழுநோயாளர்க்கான மருத்துவ நிலையங்களைக் கட்டும் பணியை ஏற்றார். 1948ஆம் ஆண்டு, கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் அம்மையாரை மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகட்டில் தங்கி, ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் மக்களுக்குத் தொண்டாற்றினர்.

பர்மிங்காமில் அவர் கற்ற கல்வி அம்மலைச்சரிவில் போதவில்லை. எஃகும் சிமெண்டும் அங்கு எளிதில் கிடைக்கவில்லை. ஆனால் அவ்வூர் மக்களோ கல்லும் மண்ணும் மரமும் கொண்டு, குளிரையும் மழையையும் தாங்கும் வீடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்தனர். பட்டம் பெற்ற கலைஞராகிய பேக்கர், படிப்பறியாக் கொத்தனாரிடமும் தச்சரிடமும் மாணவராக அமர்ந்தார். வந்த ஊரின் வழக்கத்தைக் குறைவாக எண்ணாத அப்பண்பே அவரைப் பெருங்கலைஞராக உயர்த்தியது.

திருவனந்தபுரத்தில்

1963ஆம் ஆண்டு பேக்கர் இணையர் கேரளத்திற்கு வந்து, முதலில் வாகமண் மலைப்பகுதியில் வாழ்ந்தனர். 1970ஆம் ஆண்டை ஒட்டித் திருவனந்தபுரத்தில் குடியேறினர். அக்காலத்தில் சிமெண்டு, இரும்பு ஆகியவற்றின் விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏழைகளுக்குச் சொந்த வீடு என்பது கனவாகவே இருந்தது. அக்கனவை நனவாக்கும் வழிகளைப் பேக்கர் தேடினார்.

கேரளத்தின் பழைய நாலுகெட்டு வீடுகளில் நடுமுற்றம் உண்டு. மழையைத் தள்ளும் சரிந்த கூரை உண்டு. வெயிலை வடிகட்டும் மரப்பின்னல் சாளரங்கள் உண்டு. இன்று குமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலும் அத்தகைய மரவேலைப்பாட்டைக் காணலாம். மரம் விலைமிக்கது. ஆதலால் பேக்கர் அதே பயனைச் செங்கல்லால் பெற்றார். செங்கற்களுக்கு இடையே இடைவெளி விட்டு அடுக்கித் துளைச்சுவர் எழுப்பினார். சாளரச் செலவு குறைந்தது, அறை குளிர்ந்தது, தரையில் ஒளிக்கோலம் விழுந்தது.

செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். இதனால் செங்கல் செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். உள்ளே தங்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட் பெரிதாகச் சுமை தாங்குவதில்லை. ஆகவே அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பினார். சுவருக்குப் பூச்சும் வண்ணமும் தவிர்த்துச் செங்கல்லின் இயல்பான நிறத்தையே அழகாக்கினார்.

பூசாத சுவர் மழைக்கு நில்லாது என ஐயுற்றவர் பலர். பேக்கர் வாதிடுவதைவிடக் கட்டிக் காட்டுவதையே விரும்பினார். உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை மரங்களுக்கும் நிலச்சரிவுக்கும் ஏற்ப வடிவமைத்தார். பூந்துறையில் மீனவர்க்கு வீடுகள் அமைத்தபோது, ஒவ்வொரு வீட்டிற்கும் கடற்காற்று கிடைக்கும்படி அவற்றை முன்னும் பின்னுமாக நிறுத்தினார். செல்வர் வீட்டிற்குக் காட்டிய அதே அக்கறையை அவ்வெளிய வீடுகளுக்கும் காட்டினார்.

மலைச்சரிவில் ஓர் இல்லம்

நாலாஞ்சிறையில் பாறை நிறைந்த சரிவொன்றில் பேக்கர் தம் இல்லத்தைக் கட்டினார். பாறையை உடைத்து நிலத்தைச் சமமாக்காமல், சரிவின் போக்கிலேயே அறைகளை அமைத்தார். இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் கதவுகளும் சாளரங்களும் அங்கு மறுவாழ்வு பெற்றன. உடைந்த ஓடும் கண்ணாடியும் சுவரில் சித்திரமாயின. ஆங்கிலேயர் கல்வியும் இமயமலையார் அறிவும் கேரளத் தச்சர் திறமும் ஒரே கூரையின்கீழ்க் கூடின.

1985ஆம் ஆண்டு, முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ் முதலியோருடன் இணைந்து, குறைந்த செலவில் வீடு கட்டும் கோஸ்ட்ஃபோர்டு நிறுவனம் உருவாகத் துணைநின்றார். பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தம் தொண்ணூறாம் அகவையில் திருவனந்தபுரத்தில் இயற்கை எய்தினார்.

மாணவர்களே, பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழ்வோர் பலர். வந்த மண்ணை மதித்துக் கற்று, தாம் கொண்டுவந்த அறிவையும் அதனோடு இணைப்பவர் அம்மண்ணுக்கு உரியவர் ஆகின்றனர். பேக்கர் கட்டிய வீடுகள் அதற்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன.

சொல்லும் பொருளும்

எழில் – அழகு
திங்கள் – மாதம்
சாளரம் – சன்னல்
இணையர் – கணவனும் மனைவியும்
அகவை – வயது

பயிற்சி

1. காந்தியடிகளின் எந்த எண்ணம் பேக்கரின் உள்ளத்தில் பதிந்தது?
2. எலிப்பொறிக் கட்டினால் விளையும் நன்மைகள் இரண்டினை எழுதுக.
3. மலைமக்களிடமிருந்து பேக்கர் கற்றவை யாவை?
4. உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டு, அவர்கள் வாழ்ந்த சொந்த ஊர் வீட்டைப் பற்றி எட்டு வரிகளில் எழுதுக. திண்ணை, முற்றம், தூண், ஓடு ஆகியவற்றுள் எவை அங்கு இருந்தன?