வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாயர்

கல்கத்தா என்றதும் நம் மன்றத்தாரின் நினைவில் எழுவன தட்சிணேசுவரமும் பேலூர் மடமுமாம். கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் நிறுவிய பள்ளியின் நிழலில் வளர்ந்தோர்க்கு அது இயல்பே. அந்நகரிலே, பிள்ளையில்லாக் குறை தீர்க்க வழியொன்று கண்டு, அதன் பயனாகத் துன்பமே எய்திய ஒரு வைத்தியரின் சரித்திரத்தை இவ்வாண்டு மலரில் எழுத முற்படுகின்றோம். மாமாங்கேசுவரர் சந்நிதியில் பிள்ளைவரம் வேண்டி நிற்போரைக் கண்டு பழகிய நமக்கு இது அந்நியக் கதையன்று.

சுபாஷ் முகோபாத்யாயர் 1931 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆந் திகதி ஹசாரிபாக்கில் பிறந்தார். கல்கத்தாவில் வைத்தியம் கற்று 1955 இல் தேறினார். 1958 இல் கல்கத்தா சர்வகலாசாலையிலும் 1967 இல் எடின்பரோவிலும் கலாநிதிப் பட்டங்கள் பெற்றார். சீமையிலேயே தங்கியிருக்கலாம், தாயகந் திரும்பி அரசாங்க வைத்தியக் கல்லூரிகளில் ஆசிரியரானார்.

1978 ஜூலை 25 இல் இங்கிலாந்திலே, உடலுக்கு வெளியே கருவான முதற் குழந்தை பிறந்தது. ஏறக்குறையப் பத்து வாரங்களின் பின், அக்டோபர் 3 ஆந் திகதி, நவராத்திரி தொடங்கும் வேளையிற் கல்கத்தாவில் ஒரு பெண்மகவு பிறந்தது. துர்க்கை எனப் பெயர் வழங்கிற்று. அதன் பின்னே நின்றவர் முகோபாத்யாயர். உறைநிலை ஆய்வாளர் சுனித் முகர்ஜியும் மகப்பேற்று வைத்தியர் சரோஜ் காந்தி பட்டாசார்யாவும் துணை நின்றனர்.

அவர் செய்த புதுமை யாது? கருப்பை ஒவ்வொரு மாதமும் சில நாட்களே கருவை ஏற்கும் பக்குவத்தில் இருக்கும். முட்டைகள் பல முதிர வேண்டி ஊசிமருந்து ஏற்றினால், அம்மாதத்தில் அப்பக்குவம் முறைமாறிப் போவதுண்டு. முகோபாத்யாயர் மருந்தேற்றி முட்டைகளை எடுத்தார், கருவாக்கி வளர்த்தார், உடனே தாயின் வயிற்றில் வைக்கவில்லை. டைமெதில் சல்பாக்சைடு என்னும் திரவத்தின் காப்பில் உறையவைத்து 53 நாட்கள் பேணினார். பின்னர் மருந்தேற்றாத இயல்பான மாதமொன்றில், கருப்பை கனிந்த நாள் பார்த்து, உறைநீக்கி வைத்தார். விதைநெல்லைப் பக்குவமாக வைத்திருந்து மழைக்கு நிலம் இளகும் நாளில் விதைப்பதைப் படுவான்கரையில் வேளாண்மை செய்வோர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

இன்று உறைகரு வைத்தியம் முழுதும் இந்த நாட்கணக்கிலேயே நிற்கிறது. மூன்றாம் நாட் கருவை மூன்றாம் நாட் பக்குவமுள்ள கருப்பையிலும், ஐந்தாம் நாட் கருவை ஐந்தாம் நாட் பக்குவத்திலும் வைப்பர். ஐந்தாம் நாளிலேயே குமிழ் வடிவெய்திய கரு, ஆறாம் நாள் வரை தாமதித்ததைவிடக் கூடுதலாகப் பலிக்கின்றது. மந்தமான கருவும் வீணன்று. உடனே வைத்தால் கருப்பை அதற்குள் காலங் கடந்துவிடும், உறையவைத்தாலோ பிந்திய மாதமொன்றில் இரண்டையும் பொருத்தலாம். அவ்வாறு வந்த பிள்ளைகள் பலர்.

இத்தனையும் அன்று எவர்க்கும் புலப்படவில்லை. 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. அதன் தலைவர் வானொலிப் பௌதிகவியலாளர் ஒருவர்! கருவியலை எடைபோட அவரை அமர்த்தியதை என்னென்பது? குழு அவர் கூற்றை நம்ப மறுத்தது. ஜப்பானிலிருந்து வந்த அழைப்பை ஏற்றுச் செல்லவும் அரசு இசையவில்லை. 1981 ஜூனில் அவரைக் கண்வைத்திய நிறுவனமொன்றுக்கு மாற்றினர். அம்மாதம் 19 ஆந் திகதி, ஐம்பதாவது வயதில், அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனைவி நமிதா தனித்தார்.

1984 இல் அவுஸ்திரேலியாவில் உறைகருக் குழந்தையொன்று பிறந்தபோது, உலகம் அதனையே முதலாவதெனக் கொண்டது. இந்தியாவிலோ 1986 ஆகஸ்டில் பம்பாயிற் பிறந்த குழந்தையே முதற் சோதனைக்குழாய்க் குழந்தையெனப் பதிவாயிற்று. அந்தப் பெருமைக்குரிய விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமார். அவர் பின்னர் முகோபாத்யாயரின் கையெழுத்துக் குறிப்புகளைப் பெற்று வரிவரியாக வாசித்தார். வாசித்தபின், 1997 இல், இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் தாமல்லர், முகோபாத்யாயரே என்று அச்சிலே எழுதினார். கேட்பாரின்றித் தம் பட்டத்தைத் தாமே இறக்கி வைத்தார். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் அதனை ஒப்புக்கொண்டது.