முடிவுறாத பாலம்: சிக்மண்ட் பிராய்டும் மூளை விஞ்ஞானமும்

உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் போற்றப்படும் சிக்மண்ட் பிராய்ட், மனதை ஆராய்வதற்கு முன்னர் நரம்புகளை ஆராய்ந்தவர் என்பதைப் பலரும் அறியார்.

1856ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி, இன்றைய செக் குடியரசிலுள்ள சிற்றூரொன்றில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். பேராசிரியர் புரூக்கேயின் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன்னமர்ந்து, மீன்களின் நரம்புக் கலங்களை ஆராய்வதில் ஆண்டுகளைக் கழித்தார். பணநெருக்கடியே 1882இல் அவரை வைத்தியசாலைப் பணிக்குத் திருப்பியது. 1885இல் பாரிஸ் சென்று நரம்பியல் நிபுணர் ஷார்கோவிடம் பயின்றபோது, நரம்புகளில் காணத்தக்க சேதம் எதுவுமின்றியே கைகால்கள் செயலிழந்த நோயாளிகளைக் கண்டார். அதுவே அவரது திருப்புமுனையாயிற்று.

1895இல், மனதின் செயற்பாடுகளை நரம்புக் கலங்களைக் கொண்டே விளக்க முற்பட்டு நீண்டதொரு வரைவை எழுதிய பிராய்ட், விரைவிலேயே அதனைக் கைவிட்டார். நரம்புக் கலங்களுக்கிடையிலான இணைப்புக்கு அன்று பெயர்கூடச் சூட்டப்பட்டிருக்கவில்லை. அவ்வரைவு அவரது மறைவின் பின் 1950இலேயே அச்சேறியது. அதன் பின்னர் அவர் கனவுகளையும் நாத்தவறுகளையும் நோயாளரின் நினைவுகளையும் ஆதாரமாகக் கொண்டார். எனினும், உயிரியல் ஒருநாள் தமது கருத்துகளைத் திருத்தும் என்ற எதிர்பார்ப்பை அவர் கைவிடவில்லை. அவரது கொள்கைகளைப் பரிசோதித்துப் பொய்ப்பிக்க இயலாது என்ற தத்துவஞானி கார்ல் பொப்பரின் விமர்சனமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

நாஸிகளின் பிடியிலிருந்து 1938இல் லண்டனுக்குத் தப்பிய பிராய்ட், 1939 செப்டெம்பர் 23ஆம் திகதி காலமானார். அதே ஆண்டு வியன்னாவை விட்டு வெளியேறிய யூதச் சிறுவன் எரிக் கண்டெல், நினைவு பதியும்போது நரம்பிணைப்புகள் மாறுவதை விளக்கி 2000இல் நொபெல் பரிசை வென்றார். உளப்பகுப்பாய்வு மூளை விஞ்ஞானத்தின் சோதனைக்கு உட்பட வேண்டுமென வலியுறுத்தியவரும் அவரே. முன்மூளையின் சில பகுதிகள் சேதமுற்றோரிடம் கனவு அற்றுப்போவதை 1990களில் மார்க் சோம்ஸ் எடுத்துக்காட்டினார். ஆயினும், கனவு என்பது நிறைவேறாத ஆசையின் வெளிப்பாடே என்ற பிராய்டின் கூற்றை இது நிரூபித்துவிடவில்லை.

மூளையில் எப்பகுதி இயங்குகிறது எனக் காட்டுவது மாத்திரம் விளக்கமாகிவிடாது. நோயாளியின் கதை மாத்திரம் சான்றாகிவிடாது. கலத்தின் மாற்றம் எவ்வாறு துயராகவும் நினைவாகவும் உருக்கொள்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டுவதே உண்மையான பாலமாகும். போதிய ஆதாரமில்லாதபோது தமது வரைவை ஒதுக்கிவைத்த இளம் பிராய்டின் நிதானம், அப்பாலத்தை இன்று அமைக்க முற்படுவோருக்கும் அவசியமானதாகும்.