வாக்குத் தவறாத சுல்தான்

சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் வெற்றிகளை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். கொடுத்த வாக்கைக் காப்பதற்காக அவர்கள் ஏற்ற நஷ்டத்தையும் வியாபாரிகளாகிய நாம் அறிந்திருப்பது நலம்.

அன்னார் ஹிஜ்ரி 532-ல், இராக்கிலுள்ள திக்ரீத்தில், குர்து குடும்பமொன்றில் பிறந்தார்கள். தகப்பனார் நஜ்முத்தீன் அய்யூப். சிறிய தகப்பனார் ஷீர்கூஹுடன் எகிப்துக்குச் சென்று, 1169-ல் அந்நாட்டின் வஸீரானார்கள். 1174-ல் நூருத்தீன் ஸங்கி மறைந்த பின் டமாஸ்கஸும் அவர்கள் வசமாயிற்று.

அப்பொழுது பைத்துல் முகத்தஸ் பிராங்கியர் கையில் இருந்தது. 1099-ல் அந்நகரைப் பிடித்த சிலுவைப் படையினர், அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்திருந்தனர். 1187 ஜூலையில் ஹித்தீன் யுத்தத்தில் வென்ற சுல்தான், அக்டோபர் 2-ந் தேதி, ரஜப் பிறை 27-ல் நகரை ஒப்புக்கொண்டார்கள். பழி வாங்க வழியிருந்தும் வாங்கவில்லை. ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் மீட்புப் பணம் கட்டியவர் தம் பொருளோடு வெளியேறலாம் என்று உடன்படிக்கை ஆயிற்று.

பாதிரிமார் தலைவர் தமக்குரிய 10 தீனாரைக் கட்டிவிட்டு, தேவாலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அதைப் பறிக்கும்படி அருகிலிருந்தோர் யோசனை சொன்னார்கள். பேசியதை மீற சுல்தான் இணங்கவில்லை. ஏழைகள் பலரைச் சுல்தானும், சகோதரர் அல்ஆதிலும் பணமின்றியே விடுவித்தார்கள். ஆயினும் பணம் கட்ட இயலாத பல்லாயிரம் பேர் அடிமைகளானதையும் நாம் மறைக்கலாகாது.

வெளியேறியவர்களில் பலர், சுல்தானால் பிடிக்க முடியாத சூர் துறைமுகத்தை நாடிச் சென்றனர். அந்தச் சூரிலிருந்து கிளம்பிய படையே 1189-ல் அக்கா நகரை முற்றுகையிட்டது. நஷ்டம் அங்கேதான் வந்தது. 1191 ஜூலையில் அக்கா வீழ்ந்தது. சரணடைந்த முஸ்லிம்கள் சுமார் 2,700 பேரை இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு ஆகஸ்டில் வெட்டிக் கொன்றார். அப்படிப்பட்டவரோடு 1192-ல் செய்த உடன்படிக்கையையும் சுல்தான் காத்தார்கள். கிறிஸ்தவ யாத்ரீகர்கள் பைத்துல் முகத்தஸுக்கு அச்சமின்றி வந்து போயினர்.

1193 மார்ச் 4-ல் டமாஸ்கஸில் வபாத்தானார்கள். எகிப்தையும் ஷாமையும் ஆண்ட அன்னாரின் சொந்தக் கஜானாவில் இருந்தவை ஒரு பொற்காசும் 47 வெள்ளித் திர்ஹமுமே.

நேற்று வாயால் பேசிய விலைக்கு, இன்று சந்தை ஏறிய பின்னும் முகம் சுளிக்காமல் சரக்கைக் கொடுப்பவர் அந்தச் சுல்தானின் வழியில் நடப்பவராவார். அல்லாஹ் நமக்கும் அவ்வுறுதியைத் தந்தருள்வானாக. ஆமீன்.