மருந்துக்கடைப் பணியாளர் கண்ட நீலம்

நமது திண்டுக்கல் மாவட்டத்துக் கரடிக்கூட்டம் பகுதிப் பாறைகளில் மாலிப்டினம் என்னும் உலோகத்தின் கனிமம் உண்டெனப் புவியியலார் கண்டுள்ளனர். அக்கனிமத்தின் உண்மையை முதலில் உலகறியச் செய்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. அவர்தம் வாழ்க்கையை நம் சமுதாய இளைஞர்கள் அறிதல் நலம்.

ஷீலே 1742ஆம் ஆண்டில், அந்நாளில் சுவீடன் ஆட்சியிலிருந்த ஸ்ட்ரால்சுண்டு நகரில் பிறந்தார். தந்தையார் வணிகத்தில் நொடித்துப்போனார். மகனுக்குப் பல்கலைக்கழகக் கல்வி கிட்டவில்லை. பதினான்காம் வயதில் கோத்தன்பர்க் நகர மருந்துக்கடை ஒன்றில் பணி பயிலச் சேர்ந்தார். கடையிலிருந்த நூல்களைக் கற்று, அவற்றில் கண்ட சோதனைகளை ஓய்வு நேரத்தில் தாமே செய்து பார்த்தார்.

மாலிப்டினக் கனிமத்தை அக்காலத்தார் பென்சில் கரியாகிய கிராஃபைட்டோடு ஒன்றாகவே கருதினர். இரண்டும் கருமை, இரண்டும் தாளில் கோடிடும். ஷீலே அவற்றை நைட்ரிக் அமிலத்தில் இட்டார். கிராஃபைட்டு மாறவில்லை, மற்றதோ வெண்பொடியாயிற்று. இரண்டும் வேறென 1778இல் நிறுவினார். அவர் வேண்டியபடி நண்பர் யெல்ம் 1781இல் உலோகத்தைப் பிரித்தெடுத்தார்.

அவ்வெண்பொடியின் கரைசல் ஆழ்ந்த நீலமாவதையும் ஷீலே குறித்து வைத்தார். மாலிப்டின அணுக்களுள் சில மட்டும் எலெக்ட்ரானைப் பெறுவதால், அவ்வெலெக்ட்ரான்கள் அணுவிட்டு அணு தாவும்; அதனாலேயே நீலம் தோன்றுகிறது. 154 மாலிப்டின அணுக்கள் சக்கரம்போல் அமைந்த வடிவம் அதனுள் உண்டென 1995இல்தான் தெரியவந்தது. மண்ணாய்வுக் கூடங்களில் நம் உழவர் கொணரும் மண்ணின் மணிச்சத்தை அளப்பதும் இந்நீலத்தாலேயே. நீலம் அடர்ந்தால் மணிச்சத்து மிகுதி எனக் கொள்வர்.

பட்டம் பெறாத அப்பணியாளரை 1775இல் சுவீடன் அறிவியல் கழகம் தன் உறுப்பினராக ஏற்றது. ஆயினும் அவர் வாழ்வில் இரு குறைகள் உண்டு. ஆக்சிஜனைப் பிரீஸ்ட்லிக்கு முன்னரே கண்டும், அவர் நூல் 1777இல்தான் அச்சேறியதால் முதற்புகழ் பிறரைச் சேர்ந்தது. வேதிப்பொருள்களைச் சுவைத்தும் முகர்ந்தும் ஆய்ந்த பழக்கமே உடலைக் கெடுத்தது என்பர். 1786இல், 43ஆம் வயதில் மறைந்தார்.

ஷீலேயைத் தடுத்தது வறுமை. நம் முன்னோரையோ வறுமையோடு சாதியும் சேர்ந்து தடுத்தது. அவர்களுக்கு ஏடே மறுக்கப்பட்டது. இன்று ஏடு நம் கையில் உள்ளது. பூட்டுப் பட்டறையிலும் தோல் தொழிற்கூடத்திலும் பகலெல்லாம் உழைக்கும் இளைஞர்களே! இரவில் ஒரு நாழிகையேனும் நூலோடு அமருங்கள். கற்றதையும் கண்டதையும் காலந்தாழ்த்தாது எழுதி வையுங்கள். நச்சுப்பொருளைக் கையாள்கையில் உடலைப் பேணுங்கள். நம் பிள்ளைகளுள் ஒருவர் ஆய்வுக்கூடம் ஏறும் நாளை நாம் எதிர்நோக்கியிருக்கிறோம்.