மழைக்குக் கணக்கெழுதிய டால்டன்

வானம் பொழியும் மழையில் ஒரு பகுதி ஆறாக ஓடுகிறது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. எஞ்சியது ஆவியாகி மீண்டும் வானை அடைகிறது. ஓடும் நீரை அளந்து அறியலாம். கண்ணுக்குப் புலப்படாமல் மறையும் நீரை அளப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடிய அறிஞர்களுள் ஜான் டால்டன் தலைசிறந்தவர்.

டால்டன் 1766-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில், ஏழை நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 12 வயதிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் கற்பிக்கத் தொடங்கினார். 1787-இல் அவர் வானிலைக் குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்கி, அதனை இறுதிவரை விடாது எழுதி வந்தார்.

ஆறுகளையும் ஊற்றுகளையும் நிரப்ப மழைநீர் மட்டும் போதுமா என்னும் ஐயம் அக்காலத்தில் தீராதிருந்தது. மான்செஸ்டர் நகரில் ஆசிரியராக வாழ்ந்த டால்டன், இதனைச் சோதித்தறியத் துணிந்தார். 1796-இல் தாமஸ் ஹாயில் என்னும் நண்பரின் துணையோடு, 10 அங்குல விட்டமும் 3 அடி ஆழமும் கொண்ட தகரக் கலம் ஒன்றை நிலத்திற் புதைத்தார். அதனுள் சரளைக் கல்லும் மணலும் மண்ணும் நிரப்பினார். மேலே வழியும் நீரும் அடியில் வடியும் நீரும் குழாய்களின் வழியே புட்டிகளிற் சேர்ந்தன. அருகில் மழைமானி ஒன்றும் வைக்கப்பட்டது. பெய்த மழையின் அளவிலிருந்து புட்டிகளிற் சேர்ந்த நீரின் அளவைக் கழித்தால், ஆவியாகிய நீரின் அளவு தெரிந்துவிடும்.

மூன்றாண்டுகள் இவ்வாறு அளந்ததில், ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பெய்த ஏறத்தாழ 33½ அங்குல மழையில் 25 அங்குலம் ஆவியாயிற்று என்பது விளங்கியது. ஆறுகளின் நீரையும் கணக்கிட்டுப் பார்த்த டால்டன், எல்லாவற்றுக்கும் மழையும் பனியுமே போதும் என்னும் முடிவுக்கு வந்தார்.

ஈரமான பரப்பில் உள்ள நீராவியின் அழுத்தம், காற்றிலுள்ள நீராவியின் அழுத்தத்தைவிட எவ்வளவு மிகுந்துள்ளதோ, அவ்வளவுக்கு நீர் விரைந்து ஆவியாகும் என்பதையும், வீசும் காற்று அதனை மேலும் விரைவுபடுத்தும் என்பதையும் அவர் கண்டறிந்தார். 1948-இல் ஹோவர்டு பென்மன் என்னும் ஆங்கில விஞ்ஞானி, பகலவன் தரும் வெப்பத்தின் கணக்கை இவ்வுண்மையோடு இணைத்து ஒரு சூத்திரம் வகுத்தார். பயிர்களுக்குத் தேவையான நீரை மதிப்பிட இவ்வகைச் சூத்திரங்கள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றன.

அணுக்கொள்கையால் பெரும்புகழ் எய்திய பின்னரும் டால்டன் எளிமையாகவே வாழ்ந்தார். 1844-இல் மறைவதற்கு முந்திய நாள் மாலையிலும், நடுங்கும் கையால் அன்றைய வானிலையைக் குறித்து வைத்தார். ஒரு தகரக் கலமும் தளராத பொறுமையும் கொண்டு இயற்கையின் பெருங்கணக்கை ஆராய்ந்த அப்பெரியாரின் வாழ்வு, முயற்சியுடையார் அனைவருக்கும் நல்வழி காட்டுவதாகும்.