இருகல்வி இணைத்த ஏந்தல்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

படிப்பு வேண்டுமென்றால் பாட்டன் வழியை விட்டுவிடு. பாட்டன் வழி வேண்டுமென்றால் படிப்பை விட்டுவிடு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று ஒரு சமுதாயமே திகைத்து நின்ற காலம் உண்டு. இரண்டும் முடியும் என்று சொன்னதோடு நில்லாமல், அதை ஒரு பள்ளிக்கூடமாகவே நடத்திக் காட்டியவர் ஜெர்மனியில் வாழ்ந்த யூத அறிஞர் சாம்சன் ரபேல் ஹிர்ஷ்.

ஹிர்ஷ் 1808ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் ஹாம்பர்க் நகரில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பாட்டனார் மெண்டல் பிராங்க்பர்ட்டர், 1805இல் அந்நகரில் ஏழை யூதப் பிள்ளைகளுக்காக ஒரு சமயப் பள்ளியைத் தொடங்கியவர். கல்விக்கு உழைக்கும் பண்பு ஹிர்ஷுக்குக் குடும்பச் சொத்தாகவே வந்தது எனலாம்.

அன்றைய யூதர்களின் நிலை என்ன? ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நூற்றாண்டுக் கணக்காக அவர்கள் தனிச் சேரிகளில் அடைக்கப்பட்டிருந்தனர். பல தொழில்களும் பதவிகளும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. அவர்களுடைய பிள்ளைகள் கற்றவை தோரா என்னும் வேதமும் தல்மூது என்னும் சட்ட நூலும்தாம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அடைத்த கதவுகள் மெல்லத் திறந்தன. இளைஞர்கள் பல்கலைக்கழகங்களை நோக்கி ஓடினர். ஓடிய வேகத்தில் பலர் தம் சமயத்தை உதறினர். பதவிக்காக மதம் மாறியோரும் உண்டு. இதைக் கண்டு அஞ்சிய பெரியோர் சிலர், புதிய கல்வியே வேண்டாம் என்று கதவைச் சாத்தினர்.

இந்தச் சூழலில் ஹிர்ஷுக்கு நல்லதோர் ஆசான் வாய்த்தார். 1821இல் ஹாம்பர்க் யூதர்களின் சமயத் தலைவராக வந்த ஐசக் பெர்னெய்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ஆயினும் சமய நெறியில் சற்றும் தளராதவர். பாட்டனார் தொடங்கிய அதே பள்ளியில் ஜெர்மன் மொழியையும் கணக்கையும் பாடமாக்கியவர் அவர்தான். ஹிர்ஷ் பின்னாளில் செய்த பெரும்பணிக்கு வித்து அங்கே விழுந்தது என்றால் அது மிகையாகாது.

தந்தையார் மகனை வணிகனாக்க விரும்பினார். மகனோ சமய ஆசானாக, அதாவது ரபியாக விரும்பினார். மான்ஹைம் நகரில் சமயக் கல்வியை முடித்து, 1829இல் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு நண்பரானவர் ஆபிரகாம் கெய்கர். பழைய சடங்குகளைக் காலத்திற்கேற்ப மாற்ற வேண்டும் என்ற சீர்திருத்த இயக்கத்திற்குக் கெய்கர் பிற்காலத்தில் தலைவரானார். நண்பர்கள் எதிரெதிர் அணியில் நின்றனர்.

1830இல், இருபத்திரண்டே வயதில், ஹிர்ஷ் ஓல்டன்பர்க் நாட்டின் தலைமை ரபியானார். 1836இல் பத்தொன்பது கடிதங்கள் என்னும் நூலைப் புனைபெயரில் வெளியிட்டார். ஐயத்தில் தவிக்கும் ஓர் இளைஞனும் அவனுடைய நண்பனான இளம் ரபியும் எழுதிக்கொள்ளும் கடிதங்களாக அமைந்த நூல் அது. அதைப் படித்து மனம் தெளிந்த இளைஞர் ஒருவர் ஹிர்ஷின் வீட்டிலேயே தங்கிப் பயின்றார். அவரே பின்னாளில் யூத வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிப் புகழ்பெற்ற கிரேட்ஸ்.

பிறகு எம்டன் நகரிலும், 1847 முதல் மொராவியாவிலும் ஹிர்ஷ் பணியாற்றினார். 1848 புரட்சியின்போது யூதர்களின் குடியுரிமைக்காகப் பாடுபட்டார். மொராவியா முழுவதற்கும் தலைமை ரபி என்ற பெரும்பதவி அது. அதை 1851இல் துறந்து, பிராங்க்பர்ட் நகரில் பழைய நெறியைக் காக்க விரும்பிய ஒரு சிறு சபையின் அழைப்பை ஏற்றார். பெரிய பதவியை விட்டுச் சிறிய இடத்திற்குப் போவாரா யாரேனும்? அவர் போனார். 1853இல் அந்தச் சபை அங்கே தொடங்கிய பள்ளிக்கு அவரே தலைமையாசிரியரானார்.

அந்தப் பள்ளியில் எபிரேயமும் வேதமும் உண்டு. ஜெர்மன், அந்நிய மொழிகள், கணிதம், இயற்கை அறிவியல், வரலாறு, பூகோளம் ஆகியவையும் உண்டு. ஆண்களோடு பெண்களுக்கும் கல்வி தரப்பட்டது. வேதத்தோடு உலகியல் என்ற பொருள்படும் தோரா இம் தெரெக் எரெட்ஸ் என்ற பழந்தொடரே பள்ளியின் கொள்கை. ஒன்று வீட்டுக்காரர், மற்றொன்று விருந்தாளி என்று அவர் கருதவில்லை. இயற்கையைப் படைத்தவனே வேதத்தையும் தந்தான் என்றால், இயற்கையைப் படிப்பது எப்படிப் பாவமாகும் என்பதே அவர் வாதம். ஆயினும் ஓய்வுநாள், உணவு விதி முதலியவற்றில் ஓர் அணுவும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் சீர்திருத்தக்காரர்கள் அவரைப் பழமைவாதி என்றனர். பழமைவாதிகள் சிலர் அவரைப் புதுமை விரும்பி என்றனர். இரு பக்கமும் விழுந்த அடியைத் தாங்கிக்கொண்டு 1877 வரை பள்ளியை நடத்தினார். பின்னர் அவர் மகன் மெண்டல் பொறுப்பேற்றார்.

1888 டிசம்பர் 31ஆம் நாள் தம் எண்பதாவது வயதில் ஹிர்ஷ் மறைந்தார். நாஜிகளின் கொடுங்கோல் ஆட்சியில் அந்தப் பள்ளியும் அழிந்தது. ஆனால் கொள்கை அழியவில்லை. தப்பிப் பிழைத்த அவருடைய பேரர் ஜோசப் புரூயர், 1944இல் நியூயார்க் நகரில் ஹிர்ஷின் பெயராலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். வேதமும் விஞ்ஞானமும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் யூதப் பள்ளிகள் இன்று பல நாடுகளில் உள்ளன.

மாணவ நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதலாண்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது, என் பாட்டி அந்தி விளக்கேற்றிக் கும்பிடுவதைப் பார்த்து, விளக்கு எரிவது ஆக்சிஜனால்தான், சாமியால் அல்ல என்று சொல்லிச் சிரித்தேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் வெளியே போன பிறகே விளக்கேற்றினாள். ஹிர்ஷின் வாழ்க்கையைப் படித்தபோது அந்த விளக்குதான் என் நினைவுக்கு வந்தது. நான் சொன்ன விஞ்ஞானம் சரிதான். சிரித்த சிரிப்புத்தான் தவறு. ஆக்சிஜனை அறிந்தவன் அந்த விளக்கின்முன் அமரக் கூடாது என்று எந்தப் பாடநூலிலும் எழுதவில்லை. இந்த விடுமுறையில் திரியை நானே திரித்துக் கொடுப்பேன்.